பிறப்பு முதல் முதுமை வரை: வன்னியில் நடக்கும் வாழ்நாள் ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னி முழுக்க, வினாக்கொத்தும் கையுமாக ஆட்கள் படலையடியில் வந்து நிற்பது புதினமில்லை. நானும் அப்படி நிற்கிறவர்களில் ஒருத்தி. அரச கொள்கைகள் ஒரு மனிதரின் வாழ்க்கையில் பிறப்பிலிருந்து முதுமை வரை என்ன செய்துவிட்டுப் போகின்றன என்பதுதான் நாங்கள் தேடும் விசயம். வீடுகளில் கேட்பவை, பிரதேச செயலகங்களில் கேட்பவை, மாணவர்கள் கேட்பவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அதிகம் கேட்கப்படுவதே முதலில்.

உங்களுக்குப் பதில் சொன்னால் அஸ்வெசும கிடைக்குமா?

கிடைக்காது. ஏற்கனவே கிடைப்பது வெட்டுப்படவும் மாட்டாது. அஸ்வெசும என்ற, வறிய குடும்பங்களுக்கான அரச உதவிப் பணத்துக்கு வீட்டு விபரம் எடுப்பவர்கள் பிரதேச செயலகத்தின் ஊடாக வருகிறவர்கள். அவர்கள் பதியும் விபரங்களிலிருந்து 22 குறிகாட்டிகளைக் கொண்டு புள்ளி போட்டுத்தான் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கப்படுகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ வழியில்லை. "எங்களுக்குப் பதில் சொன்னால் உங்கள் பெயர் வரும்" என்று யாராவது சொன்னால் வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால் ஆய்வும் பாழ். உதவி வரும் என்று நினைக்கிறவர் இரண்டு மாட்டைச் சொல்லாமல் விடுவார். வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறவரும் அதையேதான் செய்வார். அவர்களில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னவன் கெட்டான் என்று நினைக்க வைக்கும் கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உலாவுகின்றன.

அப்படியென்றால் எதற்காக வருகிறீர்கள்?

ஒரு வீட்டுக்குள் போய் விபரம் கேட்டால், அம்மா எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்து வருவார். உள்ளே பிள்ளையின் நிறை உயரம் குறித்த சுகாதாரப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ்கள், முகாமில் கொடுத்த அட்டை, வீட்டுத்திட்டக் கடிதம், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம். சிலரிடம் ஒரு மரணச் சான்றிதழும் இருக்கும். எல்லாம் லமினேட் பண்ணி, ரப்பர் பட்டி போட்டு வைத்திருப்பார்கள். ஓடுகிற நேரம் முதலில் தூக்குவது அதைத்தான் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்தப் பைக்குள் ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. ஆனால் அதை முழுதாக வாசிக்கிற அலுவலகம் என்று ஒன்றில்லை. குடும்பநல உத்தியோகத்தர், அதாவது வீட்டுக்கு வரும் அரச மருத்துவிச்சி, ஐந்து வயதுவரை பார்ப்பார். பிறகு பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு யாருமில்லை. கடன், கலியாணம், வேலை எல்லாம் அவரவர் பாடு. எழுபது வயதில் முதியோர் கொடுப்பனவுக்குத்தான் மறுபடி அரச பதிவேட்டில் பெயர் ஏறும். ஒவ்வொரு திணைக்களமும் தன் துண்டை மட்டும் அளந்து, தன் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதும். வாழ்நாள் ஆய்வு அந்தத் துண்டுகளை ஒரே ஆளின் மேல் வைத்துப் பார்க்கிறது. ஐந்து வயதில் கிடைத்த அல்லது கிடைக்காமல் போன ஒன்று முப்பது வயதில் எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி.

நல்ல கொள்கையின் பலன்கூட இப்படிப் பார்த்தால்தான் தெரியும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைதான் பிறகு நாடு முழுக்கப் பரவி, வீட்டு வாசலுக்கு மருத்துவிச்சியைக் கொண்டுவந்தது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. வன்னியை "காய்ச்சல் காடு" ஆக்கி வைத்திருந்த மலேரியா நாட்டிலேயே இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மலேரியாவில் பிள்ளை சாகாத வீட்டில் அதை ஒரு கொள்கையின் வெற்றி என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அது இயல்பும்தான்.

2009இல் எத்தனை வயது என்று ஏன் எல்லோரிடமும் கேட்கிறீர்கள்?

எங்கள் ஆய்வில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் எண்ணம். 2009இல் வன்னியில் முடிந்த போர் எல்லோர் தலையிலும் விழுந்தது, ஆனால் ஒரே வயதில் விழவில்லை.

அப்போது நாலு வயதாக இருந்தவளுக்கு 2025இல் இருபது. முன்பள்ளிக்குப் போக வேண்டிய காலம் பங்கருக்குள்ளும், பிறகு செட்டிக்குளத்து முகாமிலும் கழிந்தது. அவளுக்குப் போரே ஞாபகமில்லாமல் இருக்கலாம். ஆனால் முதலாம் வகுப்பில் எந்த அத்திவாரத்தோடு உட்கார்ந்தாள் என்பதை அது தீர்மானித்திருக்கிறது. அப்போது பதினேழாக இருந்தவனுக்கு 2025இல் முப்பத்துமூன்று. உயர்தரம் எழுத வேண்டிய நேரம் அவனுக்குப் பறிபோனது. பள்ளிக்கூடங்களைத் திரும்பக் கட்டியபோது அவன் பள்ளி வயதைத் தாண்டியிருந்தான். தொழிற்பயிற்சி வந்தபோது வீட்டில் உழைக்கிற ஆள் அவன் ஒருவன்தான். அப்போது ஐம்பத்தைந்தாக இருந்த ஐயா வயல், உழவு இயந்திரம், கிணறு என்று முப்பது வருடம் தேடியதை இழந்து, எல்லாவற்றையும் அறுபதில் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. 2025இல் அவருக்கு எழுபத்தொன்று.

மூன்று பேரும் ஒரே ஒழுங்கையில் இருக்கலாம். மீள்குடியேற்றத்தின்போது மூன்று வீட்டுக்கும் ஒரே தகரம், ஒரே உலர் உணவுப் பொதி, பிறகு ஒரே அளவு வீட்டுத்திட்டம். சமமாகக் கொடுத்ததில் அதிகாரிகளுக்குத் திருப்தி இருந்திருக்கும். சிறு பிள்ளை இருந்த வீட்டுக்கு நல்ல முன்பள்ளியும், பதினேழு வயதுக்காரனுக்கு இரண்டு வருடம் கொடுப்பனவோடு படிக்க ஒரு வாய்ப்பும், ஐயாவுக்குக் கடனில்லாத முதலும் கொடுத்திருந்தால் அதே காசு வேறு வேலை செய்திருக்கும். வன்னியில் கொள்கையை மதிப்பிட வருகிற எவரும் "எவ்வளவு கொடுத்தோம்" என்பதோடு "எந்த வயதில் போய்ச் சேர்ந்தது" என்றும் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

முன்பள்ளியைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவில் பல முன்பள்ளி ஆசிரியைகள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் வேலை செய்தார்கள். மற்ற முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைத்தது சிறு கொடுப்பனவு. மூன்று வயதுப் பிள்ளையின் கல்வி எந்தத் திணைக்களத்தின் பொறுப்பு என்பதே குழம்பிக் கிடந்த ஊர் இது.

வருடம் ஞாபகம் இல்லை. என்ன சொல்வது?

வருடம் தேவையில்லை. நீங்கள் வேறு எதையாவது வைத்துக் கணக்குப் பார்ப்பீர்கள், அதைச் சொல்லுங்கள். ஆய்வில் இதற்கென்றே வாழ்க்கை வரலாற்று நாட்காட்டி என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு பெரிய தாளில் குறுக்கே வருடங்கள், நெடுக்கே குடியிருந்த இடம், படிப்பு, வேலை, பிள்ளைகள், வருத்தம் என்று கட்டங்கள். எல்லோருக்கும் தெரிந்த சம்பவங்களை முதலிலேயே குறித்துவிடுவோம். சொந்தச் சம்பவங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு தானாக வரும்.

வயதானவர்களுக்கு 1964 மார்கழிச் சூறாவளி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு 1977 கலவரம் அல்லது 1983 ஆடிக் கலவரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு 1995 ஐப்பசி இடப்பெயர்வு. கிளிநொச்சிக்காரருக்கு 1996 சத்ஜெய இராணுவ நடவடிக்கை. ஓமந்தை, புளியங்குளம் பக்கம் போனால் 1997இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை. பிறகு 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2004 சுனாமி, 2009, 2012 புரட்டாதியில் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம் மூடியது. "பாதை திறந்த வருசம் கலியாணம், சுனாமிக்கு மூத்தவன் கைக்குழந்தை, சின்னவள் இராமநாதன் முகாமில பிறந்தவள்" என்று ஒரு அம்மா மூச்சு விடாமல் சொன்னால், நாலு கட்டம் நிரம்பிவிடும். ஒரு நாளும் அவர் "2002" என்று சொல்லியிருக்க மாட்டார்.

இந்த முறையில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் இருக்கின்றன. நேரடிக் கேள்வியைவிட விடுபடுவது குறைவு. எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள் என்று கேட்டால் "கனக்க" என்று முடித்துவிடுகிறவர்கள்கூட நாட்காட்டியில் ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். ஆனால் அடுக்குகிறபோது நினைக்க விரும்பாத இடத்துக்கும் வந்துவிடுவார்கள். அந்த இடத்தில் பேனாவை மூடி வைக்கத் தெரியாத ஆளை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. கட்டம் வெறுமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேறு நாடுகளில் இப்படி ஆய்வு செய்திருக்கிறார்களா?

நிறைய. அதிகம் பேசப்படுவது நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு. 1972-73இல் அந்த நகரில் பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை தொடர்கிறார்கள். 45 வயதில் உயிரோடிருந்தவர்களில் 94 வீதமானோர் திரும்ப வந்து பரிசோதனைக்கு உட்பட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு விமானச்சீட்டுப் போட்டு அழைக்கிறார்கள் என்றால் அந்தப் பிடிவாதத்தைப் பாருங்கள்.

எங்கள் நிலைமைக்குக் கிட்டவாக எனக்குப் படுவது ஜமெய்க்கா. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 1980களின் நடுப்பகுதியில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், தாய்க்குப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று காட்டினார். இரண்டு வருடம், அவ்வளவுதான். விளையாட்டுச் சாமான்கூட வீட்டில் கிடந்ததை வைத்துச் செய்தவை. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அப்படி விளையாடிய பிள்ளைகளின் உழைப்பு மற்றவர்களைவிட 25 வீதம் கூட. எங்களிடம் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். அவர்களுடைய வேலைப்பளுவைக் குறைத்து, வெற்றிடங்களை நிரப்பினால் இப்படி ஒன்றை வன்னியில் செய்து பார்க்கப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

வயிற்றில் இருக்கும்போது தாய் பசி கிடந்தால் பிள்ளையை அது வாழ்நாள் முழுக்கப் பாதிக்குமாமே?

பாதிக்கக் கூடும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியை ஜேர்மனியர் முற்றுகையிட்டபோது பஞ்சம் வந்தது. அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களை நடுவயதில் பரிசோதித்தபோது சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு, இதய நோய் போன்றவை கூடுதலாகக் காணப்பட்டன. எந்த மாதத்தில் கருவில் இருந்தார் என்பதைப் பொறுத்து விளைவும் மாறியது. பிறப்பு நிறைக்கும் பிற்கால இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று டேவிட் பார்க்கர் இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு காட்டியதும் இதே வழியில்தான்.

2009இன் முதல் மாதங்களில் வன்னியில் எத்தனை கர்ப்பிணிகள் எப்படி இருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் 2025இல் சாதாரண தரப் பரீட்சை வயதில் நிற்கிறார்கள். அதற்காக ஒரு பிள்ளையைக் காட்டி "இவனுக்கு நீரிழிவு வரும்" என்று எவரும் சொல்ல முடியாது. ஆய்வு சொல்வது ஆயிரம் பேரின் சராசரியை. இந்த வயதுக்காரருக்கு நிறை, குருதி அழுத்தம், சர்க்கரை எல்லாம் கொஞ்சம் முந்தியே பார்க்கத் தொடங்குங்கள் என்று சுகாதாரப் பகுதிக்குச் சொல்ல அந்தச் சராசரி போதும். தாய்மாருக்கு ஒரு வார்த்தை: இதில் உங்கள் பிழை எதுவுமில்லை.

வறுமை குறைந்துவிட்டது என்று புள்ளிவிபரம் சொல்கிறதே?

சொல்கிறது. எண்களைப் பாருங்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2012/13 கணக்கில் முல்லைத்தீவில் 28.8 வீதமானோர் வறியவர்கள். நாட்டிலேயே அதிகம் அதுதான். 2016இல் அது 12.7. மன்னார் 20.1 இலிருந்து 1.0 ஆனது. கிளிநொச்சி மட்டும் 12.7 இலிருந்து 18.2 ஆக ஏறியது. முழு நாட்டுக்கும் அந்த வருடம் 4.1.

மூன்று, நாலு வருடத்தில் மன்னாரில் வறுமை இருபதில் ஒரு பங்காகியதாம், பக்கத்துக் கிளிநொச்சியில் ஏறியதாம். நம்ப வேண்டுமா? முழுதாக நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். சிறிய மாவட்டங்களில் மாதிரிக் குடும்பங்கள் குறைவு என்பதால் எண் இலகுவில் ஆடும். அந்த இடைவெளியில் வீடு கட்டும் வேலைகள் நிறைய நடந்து கூலி கிடைத்தது. வேலை முடிந்ததும் கூலியும் நின்றது. கடன் எடுத்துச் செலவழித்த குடும்பமும் அந்த மாதம் வறுமைக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும், ஏனென்றால் கணக்கெடுப்பது செலவைத்தான். இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு குடும்பத்தைக் கேட்டு எடுக்கும் படம், யார் மேலே வந்தார், யார் விழுந்தார் என்று சொல்லாது. அதே குடும்பத்திடம் திரும்பப் போனால்தான் தெரியும்.

வீட்டுத்திட்டம் நல்ல திட்டம்தானே, அதை ஏன் ஆய்கிறீர்கள்?

நல்ல திட்டம்தான். கொட்டிலில் இருந்தவர் கல்வீட்டுக்குப் போனதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பங்கு வடக்கு கிழக்குக்கு வந்தது. வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக நேரே வங்கிக் கணக்குக்கு. கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு.

ஆனால் அந்தக் காசுக்குள் பல குடும்பங்களால் முடிக்க முடியவில்லை. மண், கல், மேசன் கூலி எல்லாம் ஏறிக்கொண்டு போனது. நகை அடகுக்குப் போனது, பிறகு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை குழுக் கூட்டம், தவணை கட்டாவிட்டால் வீட்டு வாசலில் ஆள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பெடுப்பதாக அறிவிக்கும் அளவுக்கு அது போனது.

இப்போது ஒரு வீட்டில் நாட்காட்டியை விரித்துப் பார்த்தால், அத்திவாரம் போட்ட வருடம், நகை அடகு வைத்த வருடம், மூத்த மகன் பள்ளிக்கூடம் நின்று மேசனோடு கூலிக்குப் போன வருடம் மூன்றும் ஒரே நிரலில் வரும். வீடமைப்பு அறிக்கையில் அது முடிந்த வீடு. கல்வி அறிக்கையில் இடைவிலகிய மாணவன். இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு தாள் வேண்டும்.

ஒரு திட்டம் வேலை செய்தது என்பதை எப்படி நிச்சயிப்பீர்கள்? காசு கிடைக்காவிட்டாலும் அவர்கள் முன்னேறியிருக்கலாமே?

நல்ல கேள்வி, மாணவர்களைவிட கிராம அலுவலர்கள்தான் இதைக் கேட்பார்கள். அஸ்வெசும 2023 ஆடியில் தொடங்கியபோது 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நாலு வகை இருந்தது. பின்னர் மேல் இரண்டு வகைகளும் 10,000, 17,500 ஆகக் கூட்டப்பட்டன. யாருக்கு எந்த வகை என்பதைப் புள்ளிதான் தீர்மானித்தது. ஏதோ ஒரு புள்ளியில் கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்? கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்ற குடும்பமும் அந்தப் பக்கம் நின்ற குடும்பமும் மற்றபடி ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒன்றுக்குக் காசு, மற்றதற்கு இல்லை. அந்த இரண்டையும் சில வருடம் தொடர்ந்தால் காசின் விளைவு பிரிந்து தெரியும்.

கோட்டில் அகப்பட்டவருக்கு அது அநியாயம். இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனது அதனால்தான். அந்த அநியாயத்திலிருந்து கிடைக்கும் அறிவாவது அடுத்த கோட்டைச் சரியாகக் கிழிக்க உதவ வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் எப்படி இதைக் கேட்பீர்கள்?

பெரும்பாலும் கேட்பதில்லை. அவர்கள் சொன்னால் கேட்போம். ஆணைக்குழு, அலுவலகம், தொண்டு நிறுவனம், பத்திரிகை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் அவர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில் இருந்த பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை என்ற நிலையில் துக்கம் முடிவுக்கு வருவதில்லை. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்த போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். எங்கள் பக்கத்தில், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களிடையே செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, இதைத் தனி ஆளின் நோயாக மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று காட்டியது.

கொள்கைப் பக்கம் ஒரு விசயம் உருப்படியாக நடந்தது. காணி மாற்றம், வங்கிக் கணக்கு எதற்கும் மரணச் சான்றிதழ் கேட்ட காலத்தில், தன் பிள்ளை செத்தான் என்று தாயே கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதை ஏற்காத தாய்மாரும் இருக்கிறார்கள். சான்றிதழ் எடுத்தால் விசயத்தை மூடிவிடுவார்கள் என்ற பயம். இரு பக்கத்தையும் பதிவது எங்கள் வேலை. யாரையும் எடுக்கச் சொல்வது எங்கள் வேலையில்லை.

வயது போனவர்களைப் பற்றி என்ன தெரியும்?

குறைவாகத்தான் தெரியும். குழந்தைக்குப் பதிவேடு இருக்கிறது. எழுபது வயது ஆச்சிக்கு கிளினிக் கொப்பி மட்டும்தான்.

விவசாயிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் 1987இல் சட்டமானது, மீனவருக்கு 1990இல். இரண்டிலும் ஆள் தவணை கட்ட வேண்டும். அந்த வருடங்களில் வன்னியில் வயலும் கடலும் இருந்த நிலையில் யார் தொடர்ந்து கட்டியிருப்பார்? அதனால் பலருக்கு இருப்பது எழுபது வயதுக்கு மேற்பட்ட வறியவருக்கான முதியோர் கொடுப்பனவுதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆனது. மருந்துக்கும் பஸ்சுக்கும் அதுவே சரி. பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து வயதை நிரூபிக்க வேண்டும். உண்மையில் எழுபத்திரண்டாக இருந்தும் கடதாசியில் அறுபத்தெட்டாக நிற்கிறவர்களைக் களத்தில் சந்திக்கலாம்.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும், பேரப்பிள்ளை ஆச்சியோடு என்ற வீடுகள் பெருகுகின்றன. யார் யாரைப் பராமரிக்கிறார் என்று கேட்டால் ஆச்சி சிரிப்பார். "ஆர் பிள்ளை ஆரைப் பாக்கிறது? நான் சமைக்கிறன், அவள் எனக்கு போன் அமத்தித் தாறாள்."

"சந்தோசமாக இருக்கிறீர்களா, பத்துக்கு எத்தனை?" என்று கேட்கிறீர்களே, இது என்ன விளையாட்டு?

பூச்சியத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஏணியில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கும் முறை அமெரிக்கரான ஹட்லி கன்ட்ரிலுடையது, 1965இலிருந்து உலகெங்கும் பாவிக்கிறார்கள். எங்கள் ஊரில் அது அவ்வளவு சரிவராது. முக்கால்வாசிப் பேர் "பரவாயில்லை, அஞ்சு போடுங்கோ" என்பார்கள். அதனால் கூடவே வேறு கேள்விகளும் வைத்திருக்கிறோம்: இரவு நித்திரை வருகிறதா, அவசரத்துக்கு ஐயாயிரம் கைமாற்று கேட்க யாராவது இருக்கிறார்களா, கடைசியாக எப்போது கோயில் திருவிழாவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போனீர்கள். கைமாற்றுக் கேள்விக்கு வரும் பதில் ஏணியைவிட அதிகம் சொல்கிறது.

பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால்? என் பெயர் வெளியே போகுமா?

விருப்பமில்லை என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பாதியில் நிறுத்தலாம், ஒரு கேள்வியை மட்டும் தாண்டலாம். உங்கள் பெயர் ஒரு கொப்பியிலும் பதில்கள் வேறோரிடத்திலும் இலக்கம் போட்டு வைக்கப்படும். வருகிறவரிடம் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்த கடிதம் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். கையெழுத்து வைக்க முதல் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் சட்டமும் வந்திருக்கிறது.

எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரும் முடிவைச் சொல்லவில்லையே?

உண்மை. இந்தக் குறைக்கு என்னிடம் நியாயம் எதுவுமில்லை. ஆங்கிலத்தில் கட்டுரை வெளிவந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் துறையில் நிறைய. வாழ்நாள் ஆய்வில் அது நடைமுறைக்கே ஒத்துவராது, திரும்பவும் அதே வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? முடிவைச் சொல்லாதவருக்கு இரண்டாம் முறை படலை திறக்காது.

நீங்களும் கேட்கலாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகமும் பிரதேச செயலகமும் அதற்குள் அடங்கும். ஒரு தாளில் தமிழிலேயே எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர்களின் சொந்த விபரம் கிடைக்காது, உங்கள் கிராமத்தில் செய்த ஆய்வின் அறிக்கையைக் கேட்கலாம்.

நான் வவுனியாவில் படிக்கிறேன். இறுதி வருட ஆய்வுக்கு என்ன எடுக்கலாம்?

பம்பைமடு வளாகத்தில் இருந்துகொண்டு தலைப்புத் தேடத் தேவையில்லை. உங்கள் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை நிறுத்தி, கார்த்திகையில் தடையை எடுத்தார்கள். அந்தப் பெரும்போக நெற்செய்கை இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் என்ன ஆனது, 2022 புரட்டாதியில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தபோது அதே வீடுகளில் பிறந்த குழந்தைகளின் நிறை எப்படிப் போனது என்று சேர்த்துப் பாருங்கள். பதிவேடுகள் தாய்மாரிடம் இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அனுமதி வாங்க நாளாகும், முதல் மாதமே விண்ணப்பியுங்கள். மாதிரி எண்ணிக்கையைப் பெருப்பிக்க வேண்டாம். இரண்டு கிராம அலுவலர் பிரிவைச் சரியாகச் செய்தாலே போதும்.

அடுத்த முறை வரும்போது நாங்கள் இந்த விலாசத்தில் இல்லாவிட்டால்?

ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு, கொழும்புக்கு, கட்டாருக்கு என்று ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். தொலைபேசி இலக்கம் வருடத்துக்கு ஒன்று மாறுகிறது. போனவர்களைத் தவறவிட்டு, இருப்பவர்களை மட்டும் எண்ணினால் ஊர் அப்படியே தேங்கிக் கிடப்பதுபோல் ஒரு பொய்ப் படம் வரும். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் இரண்டு சொந்தக்காரரின் இலக்கம் கேட்கிறோம். ஊரை விட்டு அசையாத ஒருவருடையதைக் கொடுங்கள். பெரும்பாலும் அது ஆச்சியுடையதாகத்தான் இருக்கும்.